எந்தத் தளங்களைப் புக்மார்க்கில் வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: 14 ஜூன் 2025

புது மடிக்கணினி வந்திருக்கிறது. பழையதில் நானூறு சொச்சம் புக்மார்க் இருந்தது. திறந்து பார்த்தால் பாதி வேலை செய்யவில்லை, மீதியை ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சொல், தேதி, செய்தி, மருந்து என்று தினமும் எதையாவது சரிபார்க்க வேண்டியிருக்கிறது. பத்துத் தளம் சொல்லுங்கள். நீங்கள் உண்மையிலேயே திறக்கிறவை மட்டும்.

14 ஜூன், இரவு

பத்து வராது. மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஒரு நாளில் கை வைக்காமல் இருக்க முடியாதவை மூன்றுதான்.

முதலாவது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் பக்கம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ் லெக்சிகனை அங்கே முழுதாகத் தேடலாம். வின்சுலோ 1862இல் வெளியிட்ட அகராதியும், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் அதே இடத்தில் இருக்கின்றன. சின்ன ரவா பெரிய றவா என்ற சண்டை இரண்டு நிமிடத்தில் தீரும். தலைச்சொல்லில் மட்டும் தேடுவது ஒன்று, பொருள் விளக்கத்துக்குள்ளும் தேடுவது இன்னொன்று. இரண்டாவதைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பொருளைத் தெரிந்துகொண்டு சொல்லைத் தேடிப் போகிற நாட்களில் அதுதான் கைகொடுக்கும்.

இரண்டாவது, தமிழ் விக்சனரி, யாரும் சொல் சேர்க்கக்கூடிய இணைய அகராதி. மூன்றாவது, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின், வலைப்பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இடம். வேலை செய்யாத உங்கள் பாதி புக்மார்க்குகளைக் குப்பையில் போடுமுன் அதில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள்.

15 ஜூன்

நேற்று லெக்சிகனைப் பற்றி எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அது 1936இல் முடிந்த வேலை. இணையம், கணினி, மென்பொருள் எதுவும் அதில் கிடையாது. ஒரு சொல் அதில் இல்லை என்பதால் அப்படி ஒரு சொல்லே தமிழில் இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு கட்டுரையாளரின் நல்ல சொல்லை வெட்டியிருக்கிறேன். அச்சான பிறகு அவர் வருத்தப்பட்டு எழுதினார். அவர் சொன்னதுதான் சரி.

விக்சனரியைச் சேர்த்துச் சொன்னது இதற்காகத்தான். 3 லட்சத்துக்கு மேல் சொற்கள், பெரும்பகுதி கலைச்சொற்கள். ஆனால் அங்கே ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நாலைந்து தமிழ்ச் சொற்கள் வரிசையாக இருக்கும். எது வழக்கில் இருக்கிறது என்று அது சொல்லாது. எனவே இரண்டையும் பக்கத்துப் பக்கத்து டேபில் திறந்து வைக்கிறேன்.

17 ஜூன்

செய்திக்கு என்ன என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள்.

செய்தித் தளங்களின் முகப்பைப் புக்மார்க் செய்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. முகப்பு என்பது அன்றைக்கு நம்மை இழுத்து உட்கார வைப்பதற்கானது. நான் வைத்திருப்பது செய்தி முகமைகளை, அதாவது செய்தியைத் திரட்டி நாளிதழ்களுக்குக் கொடுப்பவர்களை. அசோசியேட்டட் பிரஸ் 1846இல் தொடங்கியது, ராய்ட்டர்ஸ் 1851இல். வெளிநாட்டுச் செய்தி எந்த நாளிதழில் வந்தாலும் அதன் அடியையோ தலையையோ பாருங்கள்; பெரும்பாலும் இவர்கள் பெயர் அல்லது பிரெஞ்சு முகமையான ஏஎஃப்பி பெயர் இருக்கும். ஆறு தளங்களில் ஒரே செய்தியைப் படித்துவிட்டு ஆறு பேர் உறுதி செய்துவிட்டார்கள் என்று நினைப்போம். ஆறும் ஒரே முகமையின் ஒரே செய்தியாளர் எழுதியதாக இருக்கும். ஒரே ஊற்றில் மொண்ட ஆறு குடம்.

அதனால் செய்தி பெரியதாக இருந்தால் முகமைக்கே போய்விடுவேன். முதலில் வந்த எண்ணிக்கை பிறகு மாறியிருக்கிறதா, திருத்தம் போட்டிருக்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும்.

நிலநடுக்கத்துக்கு ஒரு தனிப் புக்மார்க்: அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலநடுக்க வரைபடம். எங்கோ அதிர்ந்தது என்று பேச்சு கிளம்பியதும் அதைத் திறப்பேன். இடம், ஆழம், ரிக்டர் அளவு எல்லாம் சில நிமிடங்களில் வந்துவிடும். முதலில் வரும் அளவு பிறகு திருத்தப்படும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, அரை மணி கழித்து எண் மாறியதும் சங்கடப்பட்டிருக்கிறேன்.

17 ஜூன், பிறகு

மேலே ரிக்டர் அளவு என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். அந்த மையம் இப்போது பெரும்பாலும் தருவது திருப்புத்திறன் அளவு (மொமென்ட் மேக்னிட்யூட்). ரிக்டர் 1935இல் வகுத்த அளவுகோல் பெரிய நிலநடுக்கங்களுக்குச் சரிவராது. செய்திகளில் ரிக்டர் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். நானே பலமுறை திருத்தாமல் விட்டிருக்கிறேன், இனி விடக் கூடாது.

18 ஜூன்

நேர மண்டலத்துக்கு டைம் அண்ட் டேட் என்ற தளம். வெளிநாட்டில் இருக்கும் யாரோடாவது பேச வேண்டியிருந்தால் மனக்கணக்குப் போடாதீர்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறில் கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறில். இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் வழக்கமான கணக்கு பொய்க்கும். இந்த மார்ச்சில் ஒரு பேட்டிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன்.

21 ஜூன்

விக்கிப்பீடியாவை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதை எப்படி ஆதாரமாக எடுத்துக்கொள்வது என்பது என் பழைய வாதம். எழுத உட்கார்ந்தபோது அந்த வாதத்துக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் கதையை மறுபடி படித்தேன். படித்ததும் என் கட்சியே ஆட்டம் கண்டுவிட்டது.

2009 மார்ச்சில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் ஜார் காலமானார். டப்ளினில் ஒரு பல்கலைக்கழக மாணவர் அன்றைக்கே அவருடைய விக்கிப்பீடியா பக்கத்தில், அவர் சொன்னதாகத் தானே இட்டுக்கட்டிய ஒரு மேற்கோளைச் சேர்த்தார். பத்திரிகைகள் சரிபார்க்கின்றனவா என்று சோதிக்கத்தான். பல நாடுகளில் பெயர்பெற்ற நாளிதழ்களின் அஞ்சலிக் குறிப்பில் அந்த மேற்கோள் அப்படியே அச்சானது. சுமார் ஒரு மாதம் யாரும் கவனிக்கவில்லை; அந்த மாணவரே எழுதித் தெரிவித்த பிறகுதான் திருத்தம் போட்டார்கள்.

இத்தனை வருடமும் இதை விக்கிப்பீடியாவுக்கு எதிரான கதையாகச் சொல்லிவந்தேன். ஆனால் விக்கிப்பீடியாவில் நடந்தது என்ன? ஆதாரம் இல்லாத மேற்கோள் என்று அங்கிருந்த தொகுப்பாளர்கள் சீக்கிரமே அதை நீக்கிவிட்டார்கள். மாணவர் மறுபடி சேர்த்தார், மறுபடியும் நீக்கினார்கள். ஏமாந்தவை சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழுக்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டவர்கள் சம்பளமில்லாத தொகுப்பாளர்கள்.

இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நாள் ஆயிற்று. விக்கிப்பீடியாவை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பக்கத்தைத் திறந்ததும் கீழே மேற்கோள் பகுதிக்குப் போங்கள், அங்கிருந்து மூல நூலுக்கோ ஆவணத்துக்கோ போங்கள். மேலே இருக்கும் வரலாறு, உரையாடல் என்ற இரண்டு தாவல்களையும் திறந்து பாருங்கள். யாருக்குள் எதைப் பற்றிச் சண்டை என்று தெரிந்தால், எந்த வரியில் சந்தேகப்பட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

22 ஜூன்

நேற்றையதோடு சேர்த்துக்கொள்ள: 2005இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் ஒப்பிட்டது. சராசரியாகக் கட்டுரைக்கு ஏறத்தாழ 4 பிழை ஒன்றில், 3 பிழை மற்றதில். பிரிட்டானிக்கா கடுமையாக மறுத்தது. எனக்கு அதில் பட்டது பிரிட்டானிக்காவுக்கு 3 என்பதுதான். அச்சில் தடித்த அட்டையோடு இருந்ததாலேயே பிழையே இருக்காது என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

இது ஆங்கிலப் பதிப்பைப் பற்றியது. 2003இல் தொடங்கிய தமிழ்ப் பதிப்பில் 1 லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன, தரம் பக்கத்துக்குப் பக்கம் மாறும். நல்ல பக்கம் மிக நல்ல பக்கமாக இருக்கும்.

25 ஜூன்

மருந்து, நோய் பற்றி.

போன வருடம் என் அத்தை தினமும் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். அந்த மருந்து புற்றுநோய் தரும் என்று நிரூபணமாகிவிட்டது என்று அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது, கீழே ஓர் ஆய்விதழின் பெயரோடு. நான்கு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கு இரவு நான் தேடிய விதத்தை நினைத்தால் இப்போதும் பதறுகிறது: தேடுபொறியில் மருந்தின் பெயரைப் போட்டு, வந்த பக்கங்களை எல்லாம் வரிசையாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே பயம் வந்துவிட்டது. காலையில் மருத்துவரிடம் பேசிய பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. நிறுத்தியதுதான் ஆபத்து என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு பக்கங்களைச் சேர்த்தேன். ஒன்று மெட்லைன்பிளஸ், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1998இலிருந்து நடத்துவது. மருந்துப் பெயரைக் கொடுத்தால் அது எதற்கு, பக்கவிளைவு என்ன, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது என்று எளிய ஆங்கிலத்தில் இருக்கும், விளம்பரம் கிடையாது. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தயார்ப்படுத்திக்கொள்ள அது போதும். மருத்துவருக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

இன்னொன்று ரிட்ராக்‌ஷன் வாட்ச். 2010இலிருந்து, திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி எழுதிவருகிறார்கள். ஓர் ஆய்விதழில் வந்தது என்று சொன்னால் நாம் அடங்கிவிடுகிறோம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரை 1998இல் வந்தது லான்செட் என்ற பெரிய இதழில்தான். அந்த இதழ் அதை முழுதாகத் திரும்பப் பெற்றது 2010இல். பன்னிரண்டு வருடம்! இன்றைக்கும் அதை ஆதாரம் காட்டிச் செய்திகள் சுற்றுகின்றன. அனுப்புகிறவர் 1998ஐச் சொல்வார், 2010ஐச் சொல்ல மாட்டார்.

26 ஜூன்

அத்தை நலம். கேட்டவர்களுக்காக.

2 ஜூலை

இதுவரை எழுதியதை ஒருசேரப் படித்தேன். தளத்தின் பெயரைக் கொடுத்துக்கொண்டே போகிறேனே தவிர, அதை எப்போது திறக்க வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 10 வரலாற்று ஆய்வாளர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 இளங்கலை மாணவர்கள். ஒவ்வொருவரையும் கணினி முன் உட்காரவைத்து, முன்பின் தெரியாத சில தளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். முனைவர்களும் மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். தள முகவரியைப் பார்த்தார்கள், சின்னத்தைப் பார்த்தார்கள், தங்களைப் பற்றி அவர்களே எழுதிய பக்கத்தைப் படித்தார்கள். பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் வந்த வேகத்தில் அந்தத் தளத்தை விட்டு வெளியேறினார்கள். புது டேப் திறந்து, இவர்களைப் பற்றி வெளியில் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

அத்தையின் மாத்திரைக்காக அன்றிரவு நான் செய்தது முதல் வகை. பக்கத்துக்குள் மூழ்கினேன், வெளியே வரவில்லை.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: புக்மார்க் என்பது அந்த வெளியேறும் கதவு. படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் ஒரு வரி உறுத்துகிறது, கையை நீட்டினால் கதவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். பட்டியில் இருக்கும் புக்மார்க்குகளின் பெயரை மாற்றிவிட்டேன். தளத்தின் பெயருக்குப் பதில் கேள்வி: ‘இந்தச் சொல் இருக்கிறதா’, ‘முதலில் யார் சொன்னது’, ‘இந்தப் படம் எப்போது எடுத்தது’, ‘இந்த ஆய்வு இன்னும் நிற்கிறதா’, ‘இந்தப் பக்கம் முன்பு எப்படி இருந்தது’. தளத்தின் முகப்புக்குப் போகாமல் நேராகத் தேடல் பெட்டி இருக்கும் பக்கத்துக்குப் போகும்படி முகவரியை வைத்தேன். முன்பு மறந்துபோய்த் திறக்காமலே விட்டவற்றை எல்லாம் இந்த வாரம் திறந்தேன்.

படத்துக்கு டின்ஐ. படத்தை ஏற்றினால் அது இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று காட்டும். ‘பழையது முதலில்’ என்று வரிசையை மாற்றலாம். நேற்றைய வெள்ளம் என்று வருகிற படம் எட்டு வருடத்துக்கு முன் வேறொரு நாட்டில் எடுத்ததாக இருப்பது இப்படித்தான் வெளிப்படும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தால் படம் புதியது என்று அர்த்தமில்லை, அதனிடம் இல்லை என்றுதான் அர்த்தம்.

8 ஜூலை

இன்றோடு பாக்கெட் மூடுகிறது. அதை நடத்தும் மொசில்லா மே மாதமே சொல்லிவிட்டது. பிறகு படிக்கலாம் என்று அதில் சேமித்து வைத்தவர்கள் பட்டியலை இறக்கிக்கொள்ளச் சில மாத அவகாசம்தான் கொடுத்தார்கள். 2013 ஜூலை 1 அன்று பல தளங்களின் புதுப் பதிவுகளை (ஓடைகளை) ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடர் மூடியதும் இதே மாதம்தான். அன்றைக்குப் போன ஓடைகளில் பாதியை நான் திரும்பச் சேர்க்கவே இல்லை.

புக்மார்க்கைப் பிறர் வீட்டில் வைக்காதீர்கள், வைத்தால் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். எந்த உலாவியிலும் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கும் வசதி இருக்கிறது. அந்தக் கோப்பை ஓர் உரைத்திருத்தியில் திறந்தால் முதல் வரியில் நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவியின் பெயர் இருக்கும். நெட்ஸ்கேப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அது வகுத்த வடிவத்தை இன்னும் எல்லா உலாவிகளும் படிக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தெம்பு வரும்.

ஆனால் கோப்பில் இருப்பது முகவரிதான், பக்கம் இல்லை. பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கெடுத்துச் சொன்னது: 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்து வருடம் கழித்து இல்லை.

எனக்குப் போனது ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர், 2002 வாக்கில் என்று நினைவு, ஓர் இலவச இடத்தில் கலைச்சொல் பட்டியல் வைத்திருந்தார். எழுத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் வகுப்பில் பிள்ளைகள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள், எந்தச் சொல் ஒட்டியது, எது ஒட்டவில்லை என்று ஒரு வரி. ‘உந்தம் உடனே பிடித்துக்கொண்டார்கள்’ என்பது போல. எந்த அகராதியிலும் அப்படி ஒரு வரியைப் பார்த்ததில்லை. பள்ளிப் பாடநூல் மெய்ப்பு வந்தால் முதலில் அதைத்தான் திறப்பேன். இடம் கொடுத்த நிறுவனம் ஒருநாள் கடையைக் கட்டியது, பட்டியலும் போயிற்று. நான் வைத்திருந்தது புக்மார்க் மட்டும்.

வேபேக் மெஷினில் தேடினேன். முகப்பும் அ முதல் ஊ வரையும் இருந்தது. எ முதல் இல்லை.

9 ஜூலை

‘அங்கே கைமுறையாகச் சேமிக்க முடியுமா’ என்று கேட்டதற்கு: முடியும். வேபேக் மெஷின் பக்கத்திலேயே முகவரியைக் கொடுத்து இப்போதே சேமி என்று சொல்லும் பெட்டி இருக்கிறது, கணக்கு தேவையில்லை. ஆனால் அந்த ஒரு பக்கம்தான் சேமிக்கப்படும், அதிலிருந்து கிளைக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். ஆசிரியரின் பட்டியலுக்கு நடந்தது அதுபோன்ற ஏதோ ஒன்றாக இருக்கலாம்.

அதையும் ஒரே பெட்டகமாக நம்பிவிடாதீர்கள். 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகி ஆர்க்கைவ் பல நாள் திறக்கவில்லை. முக்கியமானதைப் பிடிஎஃப் ஆக்கி உங்கள் கணினியிலும் வையுங்கள்.

20 ஜூலை

பழைய புக்மார்க்குகளைக் கிளறுகிறவர்கள் சுருக்கிய முகவரிகளைக் கவனியுங்கள். கூகுளின் சுருக்கு முகவரிகள் ஆகஸ்ட் 25ஆம் தேதியோடு நிற்கப்போகின்றன என்று போன வருடமே அறிவித்துவிட்டார்கள். அதற்குள் ஒவ்வொன்றையும் திறந்து, அது கொண்டுபோய் விடும் முழு முகவரியைச் சேமித்துக்கொள்ளுங்கள். என்னிடம் முப்பத்தொன்று இருந்தது. இரண்டு மாலை ஆயிற்று.

3 ஆகஸ்ட்

திருத்தம். கூகுள் முந்தாநாள் முடிவை மாற்றியிருக்கிறது. 2024 கடைசியில் யாரும் பயன்படுத்தாத சுருக்கு முகவரிகள் மட்டும் நிற்கும், மற்றவை தொடரும். என் பேச்சைக் கேட்டு அவசர அவசரமாக வேலை பார்த்தவர்களுக்கு: அது வீண் இல்லை. யாரும் தொடாதவை என்று அவர்கள் சொல்வதுதான் நம் பழைய கோப்புகளுக்குள் கிடப்பவை.

4 ஆகஸ்ட்

பழந்தமிழ் நூல்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். பழைய நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் வைக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம். இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான நாட்கள் கடந்துவிடும். தட்டெழுதிய உரையில் தேடுங்கள், மேற்கோள் காட்டும்முன் ஸ்கேன் செய்த பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். தட்டெழுதிய ஒரு பாட்டை அப்படியே எடுத்துப் போட்டு, ஒரு ஒற்று விடுபட்டு, பொருளே மாறி அச்சாகிவிட்டது எனக்கு.

17 ஆகஸ்ட்

ஆசிரியரின் பட்டியலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் எனக்கு ஒரு கோப்புறை அனுப்பியிருக்கிறார். கல்லூரி நாட்களில் அந்தத் தளத்தைப் பக்கம் பக்கமாகத் தன் கணினியில் சேமித்து வைத்தவராம். எ முதல் ஞ வரை இருக்கிறது. திறந்ததும் கட்டம் கட்டமாகவும் பிறமொழி எழுத்துகளாகவும் வந்தது. இப்போது எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு தமிழில் பரவுவதற்கு முன் இருந்த திஸ்கி என்ற குறியீட்டு முறை எழுத்துருவில் செய்தது என்பது அப்புறம்தான் உறைத்தது. எழுத்துரு மாற்றியில் போட்டேன். முதலில் ஏகாரம் எல்லாம் இடம் மாறி நின்றது, இரண்டாம் தடவை சரியாக வந்தது.

‘சடத்துவம்: கடினம் என்று நினைத்தேன். பேருந்து நின்றால் முன்னால் விழுகிறோமே அதுதானே சார் என்றாள் ஒரு பெண். அதன் பிறகு யாரும் மறக்கவில்லை.’

நேற்று இரவு எல்லாப் பக்கங்களையும் பிடிஎஃப் ஆக்கி இரண்டு இடத்தில் வைத்தேன். த முதல் ற வரை யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், எந்த எழுத்துருவில் இருந்தாலும் சரி.